நாவும் மானியும்

கொக்குவில் ஒரு காலத்தில் மூக்கால் பிழைத்த ஊர் என்று சொன்னால் இன்றைய இளந்தலைமுறையினர் சிரிக்கக்கூடும். ஆனால் அதுதான் உண்மை. இவ்வூரார் தென்னிலங்கையின் பட்டினங்கள் தோறும் சுருட்டுக் கடை வைத்திருந்த காலத்தில், அந்தக் கடைகளின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் இங்குள்ள சுருட்டுக் கொட்டில்களில் புகையிலையை முகர்ந்து பார்த்துத் தரம் பிரித்தவர்களின் கையில் இருந்தது. இல்லை, மூக்கில் இருந்தது. எந்த இலை உள்ளே போகவேண்டும், எது மேலே சுற்றப்படவேண்டும், கோடா எனப்படும் சாற்றுக் கலவை எவ்வளவு ஊறவேண்டும் என்பதெல்லாம் அளவுகோல் இன்றியே தீர்மானிக்கப்பட்டன. கோடாவின் கலவை விகிதம் கடைக்குக் கடை இரகசியம். அந்த மூக்குகளுக்கு உரியவர்கள் பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் அறிந்திருந்ததை எவரும் எழுதிவைக்கவில்லை.

நாவும் மூக்கும் சொல்வதை ஆய்வுகூடக் கருவிகள் சொல்லுமா என்ற கேள்வி மேனாடுகளில் வைன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அண்மையில் உண்டாயிற்று. என் தமக்கையின் மகன் அவுஸ்திரேலியாவில் வைன் உற்பத்தி நிலையம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் பணியாற்றுகிறான். விடுமுறையில் இங்கு வந்திருந்த அவனோடு திண்ணையில் இருந்து பேசியவை, பின்னர் நான் தேடி வாசித்தவை, பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் கண்டவை ஆகியவற்றைச் சேர்த்து இதனை எழுதுகிறேன். வைன் நமக்குத் தூரத்துப் பொருள்தான். ஆனாலும் அந்தக் கதை நமது பனையடிக்கு வந்து சேர்வதை வாசகர்கள் இறுதியில் காண்பார்கள்.

முதலில், கருவிகள் எதை அளக்கின்றன என்று பார்ப்போம்.

மிகப் பழையது அடர்த்திமானி. அடியில் பாரம் வைத்த கண்ணாடிக் குழாய். திரவத்தில் மிதக்கவிட்டால் அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கொண்டு அடர்த்தியை அறியலாம். சீனி மிகுந்த சாற்றில் குழாய் உயர்ந்து நிற்கும். சீனி நொதித்து அற்ககோலாக மாறமாற அமிழும். பிரித்தானியாவில் 1816இல் சைக்ஸ் என்பவரின் அடர்த்திமானி சட்டபூர்வமான அளவுகருவியாக ஏற்கப்பட்டது. ருசி பார்ப்பதற்காக அல்ல, வரி அறவிடுவதற்காக. மதுவைத் தொட்ட முதல் கருவிகளுள் ஒன்று வரிக்காரனின் கருவி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அடுத்தது அமிலம். வைனின் முக்கிய அமிலம் தாத்தாரிக்கமிலம். நமது புளியம்பழத்திற்குப் புளிப்பைத் தருவதும் அதுவே. எவ்வளவு அமிலம் உண்டு என்பதை ஒரு காரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து அறியலாம். அதன் வீரியத்தை பீ.எச். மானி ஒரு நொடியில் காட்டும். நிறத்தை நிறமாலை ஒளிமானி சொல்லும். 420 நனோமீற்றர் அலைநீளத்தில் மஞ்சளும் பழுப்பும், 520இல் சிவப்பும், 620இல் நீலமும் எவ்வளவு என்று அளந்து, இது இளைய வைனா, முதிர்ந்து பழுப்பேறியதா என்று கூறிவிடலாம். பாக்கை மென்றால் வாய் உலர்ந்து பிடிக்குமல்லவா, அந்தத் துவர்ப்பு சிவப்பு வைனிலும் உண்டு. உமிழ்நீரிலுள்ள புரதத்தைத் தனின் பற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது. ஆய்வுகூடத்திலும் ஒரு புரதத்தைக் கலந்து, எவ்வளவு படிகிறது என்று பார்த்தே அதனை அளக்கிறார்கள்.

இவை இலகுவானவை. கடினமானது வாசனை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பதைத் தடிமன் பிடித்தவர் எவரும் அறிவர். வைனில் ஆவியாகக்கூடிய சேர்வைகள் பல நூறு உண்டு. அவற்றைத் தனித்தனியே பிரிக்க உதவிய கருவி வாயு நிறப்பதிவியலின் வழி வந்தது. 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் அதனை வெளியிட்டார்கள். மாதிரியை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாயினூடாக வாயுவோடு செலுத்தினால், ஒவ்வொரு சேர்வையும் தனக்குரிய நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். காகிதத்தில் மலைத்தொடர்போல் சிகரங்கள் எழும். ஒவ்வொரு சிகரமும் ஒரு பொருள்.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. பெரிய சிகரங்கள் பல எந்த மணத்தையும் தரவில்லை. மணம் கமழ்ந்த இடத்தில் சிகரமே இல்லாதிருந்தது. ஏனென்றால் மூக்குக்கு எல்லாப் பொருள்களும் சமமல்ல. சிலவற்றை இலீற்றருக்குக் கிராம் கணக்கில் இட்டாலும் அது பொருட்படுத்தாது. சிலவற்றை இலீற்றருக்கு ஒரு சில நனோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். தக்கைக்குப் பழுதேற்படும்போது வைனில் எழும் பூஞ்சண மணம் இவ்வாறானது.

மிளகின் கதையைச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவின் ஷிராஸ் என்னும் சிவப்பு வைன் சிலவற்றில் மிளகு மணம் வீசுவதைக் குடிப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். கற்பனை என்றோ உவமை என்றோ எடுத்துக்கொள்ளலாம். 2008இல் அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்குரிய பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ரொட்டண்டோன் என்பது அதன் பெயர். நமது மிளகின் மணத்துக்கும் அதுவே முக்கிய காரணம் என்பதும் அப்போதே தெரியவந்தது. சிவப்பு வைனில் இலீற்றருக்கு 16 நனோகிராம் இருந்தாலே மூக்கு அறியும். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அதைவிடப் பன்மடங்கு கூடுதலாகத் தண்ணீரில் கலந்து கொடுத்தபோதும் அந்த மணம் தெரியவேயில்லை. ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கிண்ணத்தை முகரும் இருவர் இரு வேறு வைன்களை அருந்துகிறார்கள் என்பதே இதன் பொருள்.

இத்தகைய பொருள்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிகரம் காட்டாத ஒன்றைக் கருவி எப்படிச் சொல்லும்? இதற்கு விடையாக என் மருமகன் விவரித்த ஏற்பாடு என்னை வெகுவாகக் கவர்ந்தது. அந்த விலையுயர்ந்த கருவியின் மறுமுனையில் குழாயை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு கிளை உணர்கருவிக்குப் போகிறது. மற்றக் கிளை ஒரு கண்ணாடிப் புனலுக்கு வருகிறது. அந்தப் புனலில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். "இப்போது மிளகு... இப்போது ஒன்றுமில்லை... இப்போது ஈர மண்..." என்று அவர் சொல்லச் சொல்ல நேரம் குறிக்கப்படுகிறது. 1960கள் முதல் கையாளப்படும் முறை இது. "மாமா, மிசின் பிரிச்சுத் தரும். எது முக்கியம் எண்டு சொல்லுறது கடைசியில மூக்குத்தான்" என்றான் அவன்.

அப்படியானால் நாவும் மூக்குமே போதும், கருவி வீண் செலவு என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. மனித நாக்கு எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கும் சான்றுகள் உண்டு.

பிரான்சின் போர்தோ நகரில் வைன் பற்றிக் கற்கும் 54 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனை 2001இல் வெளியாயிற்று. வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அதே வைனைச் சாயமின்றி அருந்தியபோது வெள்ளை வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தவர்கள், நிறம் மாறியதும் சிவப்பு வைனுக்குரிய சொற்களுக்குத் தாவிவிட்டார்கள். கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்தது. அமெரிக்காவில் ஹொட்சன் என்ற பேராசிரியர், கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் வைன் போட்டி நடுவர்களுக்கு ஒரே போத்தலிலிருந்து மூன்று கிண்ணங்களை வெவ்வேறு இலக்கமிட்டு, ஏனையவற்றோடு கலந்து கொடுத்துப் பார்த்தார். 2008இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மூன்று கிண்ணங்களுக்கும் ஏறத்தாழ ஒரே புள்ளியைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவரே.

நாக்கு ஏமாறுவதால் வரும் கேடு புள்ளிகளோடு நின்றுவிடுவதுமில்லை. ஒஸ்திரிய நாட்டு வைன் உற்பத்தியாளர் சிலர் தமது சரக்குக்கு இனிப்பும் திரட்சியும் கூட்டுவதற்காக டைஎதிலீன் கிளைகோல் என்னும் நச்சுப் பொருளைக் கலந்தது 1985இல் அம்பலமானது. குடித்தவர்களுக்கு அது நல்ல வைனாகவே தோன்றியிருக்கிறது. காட்டிக்கொடுத்தது ஆய்வுகூடம். அடுத்த ஆண்டு இத்தாலியில் மெதனோல் கலந்த வைனால் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மெதனோலை நாவால் இனங்காண இயலாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததும் அதே மெதனோல்தான். கருவி தேவையில்லை என்று சொல்பவர் இந்தச் சாவுகளுக்கு விடை சொல்லவேண்டும்.

ஆகவே இரண்டும் வேண்டும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எனது சிந்தனை அதற்கு அப்பால் சென்றது. இரண்டும் வேண்டுமென்றால், கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது யாருடைய நாக்கு?

நமது நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பமானது. அன்று தொட்டு இன்றுவரை தேயிலையின் விலைக்கு அடிப்படையாக இருப்பது, வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து கரண்டியால் எடுத்து, ஓசையெழ உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பும் ருசி பார்ப்போரின் நாக்கு. பத்திரிகை வேலையாக ஒருமுறை அவ்வாறான அறையொன்றினுள் நின்று பார்த்திருக்கிறேன். ஆலயத்தில் நிற்பதைப்போன்ற அமைதி. அந்த நாக்குக்கு நிறுவனங்கள் பெருஞ்சம்பளம் கொடுக்கின்றன. இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் அருகே நிறுத்திப் பழக்குகின்றன. தலவாக்கலையில் இன்று இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. தேநீரின் சுறுசுறுப்புக்கும் பளபளப்புக்கும் தியாபிளேவின் என்ற பொருள் காரணம் என்பதையும், அதை ஒளிமானியால் அளக்கும் முறையையும் விஞ்ஞானிகள் எப்போதோ வகுத்துவிட்டார்கள். ஆயினும் ஏலத்தில் நாக்கே பேசுகிறது.

மின்னணு மூக்கு என்ற ஒன்றும் உண்டு. 1982இல் இங்கிலாந்தின் வோர்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டொட் என்ற இருவர் இதற்கு வித்திட்டனர். வெவ்வேறு ஆவிகளுக்கு வெவ்வேறு அளவில் விடையளிக்கும் உணரிகள் பலவற்றை ஒன்றாக வைத்து, அவற்றின் மொத்தக் கோலத்தைக் கொண்டு மணத்தை இனங்காண்பது அதன் தத்துவம். கொல்கத்தாவிலுள்ள சி-டாக் நிறுவனத்தினரும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தினரும் கறுப்புத் தேயிலைக்கென இத்தகைய மூக்கொன்றை உருவாக்கி, அதன் முடிவுகளை 2008இல் வெளியிட்டனர். அது எப்படித் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டது தெரியுமா? தேயிலை ருசி பார்ப்போர் இட்ட புள்ளிகளைக் கொண்டுதான். இந்த மணக்கோலத்துக்கு ஏழு, அந்த மணக்கோலத்துக்கு எட்டு என்று மனிதர் சொல்லிக்கொடுத்ததை அது மனனம் செய்தது. குருவின் நாக்கு சரியென்றால் சீடனும் சரி.

இனி வீட்டுக்கு வருவோம்.

வைனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் முற்றாகத் தொடர்பில்லை என்றும் கூறமுடியாது. திராட்சையை முந்திரிகை என்று அழைத்த நமது மக்கள், வலிகாமத்தின் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல்கள் போட்டவர்கள். இஸ்ரேல் புளூ என்ற இனமே இங்கு பெரிதும் பயிராயிற்று. தொலகட்டியில் 1928இல் அருட்தந்தை தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் சபைத் துறவிகளின் முந்திரிகை இரசமும் நெல்லி இரசமும் குடாநாடெங்கும் பேர்பெற்றவை. நமது பழத்தில் வைன் வடிப்பது எளிதன்று. இங்கு கொடி உறங்குவதில்லை. பனிக்காலம் இல்லாதபடியால் நாமே கத்தரித்து ஆண்டுக்கு இருமுறை காய்க்கச் செய்கிறோம். வெப்பத்தில் பழத்தின் மாலிக்கமிலம் விரைவில் கரைந்துபோகும். புளிப்புக் குறைந்த சாற்றில் நிறம் மங்கும், கிருமிகள் எளிதில் குடியேறும். பீ.எச். மானி ஒன்று எங்கேனும் உண்மையில் உதவுமென்றால் அது நம்மைப் போன்ற வெப்ப நாட்டில்தான்.

ஆனால் நமது மண்ணின் வைன் முந்திரிகை இரசமல்ல, பனங்கள்.

ஆடியபாதம் வீதியால் போகின்றவர்கள் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தைக் கடந்து போவார்கள். பனங்கள்ளில் வாழும் மதுவங்களைப் பிரித்து ஆராய்ந்த வேலைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் நடந்துள்ளன. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் உண்டு. கைதடியில் அதன் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. தெற்கில், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான்ஸ் குழுவினர், பனம்பழக் களியின் கைப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருளைப் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். எந்தப் பனையின் பழம் பனாட்டுக்கு நல்லது, எது கைக்கும் என்பதை நமது பாட்டிமார் மரம் மரமாக அறிந்திருந்தார்கள். விஞ்ஞானம் அதற்குக் காரணம் சொன்னது.

கள்ளின் இரசாயனத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால்: பாளையிலிருந்து வடியும் சாறு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி கொண்டது, புளிப்பற்றது. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதியாது கருப்பநீராக நிற்கும். பூசாவிட்டால், முட்டியின் சுவரில் நேற்றைய கள்ளோடு தங்கியிருந்த மதுவங்களும் பற்றீரியாக்களும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். மதுவம் அற்ககோலைத் தரும். ஒருவகைப் பற்றீரியா இலற்றிக்கமிலத்தைத் தரும். நேரஞ்செல்ல இன்னொருவகை அற்ககோலையே அசற்றிக்கமிலமாக, அதாவது காடியாக மாற்றிவிடும். வைன் மாதக்கணக்கில் செய்துமுடிக்கும் வேலையைக் கள் ஒரு பகலில் முடித்துவிடுகிறது. உடன்கள் என்று காலையில் சொல்லப்படுவது மாலையில் வேறொரு பானம்.

என் மருமகன் தன் பெட்டியில் ஒரு கையடக்க பீ.எச். மானியைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் அயலில் சீவல் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அறுபது வயதைத் தாண்டிய பின்பும் மரமேறுகிறவர். மூன்று முட்டிகளை இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கிட்டக் கொண்டுவந்து முகர்ந்தார்; நுரையைக் கையால் விலக்கிப் பார்த்தார்; ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். பின்னர் மூன்றையும் ஒரு வரிசையில் வைத்தார்.

மானி அவரது வரிசையில் கடைசியாக இருந்த முட்டிக்கே கூடிய புளிப்பைக் காட்டியது. ஆனால் முதலிரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டிற்று. மருமகன் அவரிடம் கேட்டான்: "ஐயா, இந்த ரெண்டும் ஒண்டுதானே?"

"இல்லைத் தம்பி. இது பின்னேரம் வரைக்கும் நிக்கும். அது மத்தியானத்துக்கு முதலே திரும்பிப்போடும்."

இரண்டிலும் ஒவ்வொரு போத்தல் வாங்கி வந்து திண்ணையில் வைத்தோம். மணிக்கொரு தடவை மானியைத் தோய்த்துப் பார்த்தான். பதினொரு மணியளவில் ஒன்றின் எண் இறங்கத் தொடங்கியது. மற்றது மாலைவரை பெரிதாக அசையவில்லை. அவர் சொன்ன வரிசைப்படியே. "மாமா, மீற்றர் இப்ப இருக்கிறதைச் சொல்லுது. அவர் இனி நடக்கப்போறதைச் சொல்லுறார்" என்றான் அவன். இதனை மந்திரமென்று நான் கருதவில்லை. எந்தக் கிருமி முந்திக்கொண்டிருக்கிறது என்பதை மணத்திலிருந்து அவர் அறிகிறார். நாற்பது வருடப் பயிற்சி. தேயிலை ருசி பார்ப்பவர் கற்றதைவிட இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆனால் அன்று அந்த முதியவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மானியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணை, உதைக் கொண்டுபோய்க் காட்டினால், தண்ணி கலந்தது நானில்லை எண்டு சொல்லலாமோ?"

சில காலத்தின் முன் அவர் கள்ளைக் கொடுத்துவந்த இடத்தில், அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்து, "தண்ணீர் கலந்திருக்கிறது" என்று சொல்லி விலையைக் குறைத்திருக்கிறார்கள். அவர் கலக்கவில்லை என்று சொன்னார். நான் அவரை நம்புகிறேன். நம்புவதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு. தண்ணீர் கலந்தால் கள்ளின் அடர்த்தி குறையும். ஆனால் சீனி நொதித்து அற்ககோலானாலும் அடர்த்தி குறையும். மிதக்கும் குழாய்க்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. வெயிலில் மிதிவண்டியில் கொண்டுவரப்பட்டு, வரிசையில் காத்துநின்ற கள், கலப்படமில்லாமலே அடர்த்தி குறைந்திருக்கும். உண்மையை அறியவேண்டுமானால், கள்ளை வடித்து அற்ககோலை அளந்து, எஞ்சிய சீனியையும் அளந்து, ஒரு சதவீத அற்ககோலுக்கு இலீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி என்ற கணக்கில் ஆதியில் எவ்வளவு சீனி இருந்திருக்கும் என்று கூட்டிப்பார்க்கவேண்டும். புளிப்பாக மாறியதற்கும் ஓர் இடம் விடவேண்டும். மழை பெய்த மறுநாள் சாறு நீர்த்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதன் பொருளை அறியாதவர் கையில் அது இருந்தது, அவ்வளவே.

ருசியைக் கருவியால் அளப்பது என்பது இங்கே ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. மேனாட்டில் கருவியும் நாக்கும் ஒரே மேசையில் அமர்ந்துள்ளன. புனலில் மூக்கை வைத்திருப்பவருக்கும் சம்பளம் உண்டு, அவர் சொல்வது ஏட்டில் பதியப்படுகிறது. நம்மிடம் கருவி மேசைக்கு அந்தப்புறமும் நாக்கு இந்தப்புறமும் நிற்கின்றன. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைக்குள் சென்று சமமாக அமர்வதற்கே போராடவேண்டியிருந்த மக்களுள் இந்தத் தொழிலைச் செய்தவர்களும் அடங்குவர். அவர்களது நாக்கைச் சாட்சியாக ஏற்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. கொழும்பில் நாக்குக்கு மரியாதை உண்டு, பனையடியில் இல்லை. இந்த வேறுபாட்டை எந்த ஒளிமானியாலும் விளக்க இயலாது.

1990 தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளை எண்ணிப்பார்க்கிறேன். ஆய்வுகூடங்களில் கருவிகள் ஓய்ந்திருந்தன. குளிர்பதனப் பெட்டிகள் வெறும் அலுமாரிகளாயின. அந்த நாள்களிலும் காலையில் முட்டி இறங்கியது. முகர்ந்து பார்த்துத் தரம் சொல்லப்பட்டது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கருவிகளுக்கு மின்சாரம் உண்டு. மரமேறுவோர்தான் குறைந்துவருகிறார்கள். விழுந்து இடுப்பொடிந்த தந்தையைக் கண்ட மகன் மரமேற விரும்புவானா? அவனைக் குறைகூற முடியாது. ஆனால் நாளை பனங்கள்ளுக்கென ஒரு மின்னணு மூக்கைச் செய்ய நமது பிள்ளைகள் முற்படும்போது, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க யார் இருப்பார்கள்?

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1980களில் ஒரு காரியம் செய்தார். வைனின் மணங்களுக்கு மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி, பொத்தாம்பொதுவானவற்றை நீக்கி, வகைப்படுத்தி, ஒரு சக்கர வடிவில் அமைத்தார். அதன்பின் ஆய்வுகூடத்தில் இருப்பவரும் தோட்டத்தில் இருப்பவரும் ஒரே சொல்லால் ஒரே மணத்தைக் குறிக்க முடிந்தது. அதற்குத் தேவைப்பட்டவை பெரும்பாலும் காதும் பொறுமையும்.

அத்தகையதொரு வேலையை இங்கு செய்யலாம். பல்கலைக்கழகமும் பனை ஆராய்ச்சி நிலையமும் சில மாணவர்களைச் சீவல் தொழிலாளரோடு ஒரு பருவகாலம் முழுவதும் அனுப்பிவைக்கட்டும். அவர்கள் முட்டியை முகர்ந்ததும் சொல்லும் சொல்லை அப்படியே எழுதட்டும்; அதே முட்டியிலிருந்து மாதிரியெடுத்துக் கருவிகளால் அளக்கட்டும். ஆண்பனைக் கள், பெண்பனைக் கள், காலையில் இறக்கியது, அந்தியில் இறக்கியது, புது முட்டி, பழகிய முட்டி என்று அவர்கள் பிரித்துப் பேசும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இரசாயன உண்மை இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம், அதையும் அறியலாம். சொல்லிக்கொடுத்தவருக்கு ஊதியம் கொடுக்கவேண்டும், ஆய்வேட்டில் அவர் பெயரும் இடம்பெறவேண்டும். கள்ளை வாங்கும் இடங்களில் அடர்த்திமானியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கமும் நிற்கவேண்டும்.

முதியவரின் கேள்விக்கு மருமகன் அன்று சொன்ன பதில் இதுதான்: "ஐயா, இந்த மீற்றர் காணாது. இன்னும் ரெண்டு சாமான் வேணும். அதைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிஞ்ச ஆளும் வேணும்." அடுத்த பருவத்துக்கு அந்த இரண்டு சாமான்களையும் அனுப்பிவைப்பதாகக் கூறிச் சென்றிருக்கிறான். கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைக்கும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன்.

கள்ளின் மணத்துக்கும் ருசிக்கும் உங்கள் ஊரில் வழங்கும் சொற்களை அறிந்தவர்கள், அவை எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், எழுதி வையுங்கள். எந்த மரம், எந்த நேரம், யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சுருட்டுக் கொட்டில்களில் இருந்த சொற்களை நாம் காப்பாற்றவில்லை.